பர்மாவினின்றும் தரைவழியே மீண்டோர் வரலாறு



போர் என்பது இரண்டு அரசுகளுக்கிடையே நிகழ்வதொன்றாகவே வரலாற்று நூல்கள் பெரும்பாலும் கூறும். வென்றான் பெயரும் தோற்றான் பெயரும் ஏட்டில் ஏறும். ஆனால், அப்போர் மூண்ட நாட்டிலே பொருளீட்டும் பொருட்டுச் சென்று தங்கியிருந்த அயல்நாட்டான் ஒருவன், போர் செய்யும் இரு திறத்தார்க்கும் வேண்டாதவனாய், மனைவி மக்களையும் முதியோரையும் உடன்கொண்டு எவ்வழியே தப்பிச் சென்றான் என்பதனை எழுதி வைப்பார் மிக அரியர். அங்ஙனம் எழுதப்படாது போன வரலாறுகளுள் நமக்கு மிக அணித்தானது, 1942-ஆம் ஆண்டில் பர்மாவினின்றும் இந்தியர் கால்நடையாய் மீண்ட வரலாறாகும். இவ்விதழைப் படிக்கும் குடும்பங்களுள்ளும் அந்நாட்டோடு கொண்டு கொடுத்துப் பழகிய முன்னோரை உடையவை சில இருத்தல் கூடும். ஆதலின் அதனை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

பழைய போரறம்

போர் தொடங்குமுன் அதனை அறிவித்தல் அறம் என்பது நம் முன்னோர் கொள்கை. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறநானூற்று ஒன்பதாம் பாட்டு இதற்குச் சான்றாகும். பசுக்கள், அந்தணர், மகளிர், பிணியாளர், புதல்வரைப் பெறாதார் ஆகிய இவரெல்லாம் காவலான இடம் புகுக என முன்னரே அறிவித்துப் பின்னரே அவன் போர் செய்தான் என்பது அப்பாட்டின் கருத்து. இதனுள் மூன்று செய்திகள் அடங்கியுள்ளன. அறிவிப்பு ஒன்று, நீங்குதற்கு வேண்டும் காலம் ஒன்று, சென்று சேர்தற்குரிய இடம் ஒன்று. இம்மூன்றும் வாய்த்தவன் உய்ந்தான். ஒன்று குறையினும் அவன் நிலை இரங்கத்தக்கதே. மற்று, அப்பாட்டில் எண்ணப்பட்டோருள் அயல்நாட்டு வணிகனும் கூலியாளும் இல்லை என்பதும் நோக்கற்பாலது. அவன் யாருடைய காவலில் உள்ளான் என்னும் வினா அன்றே விடையின்றி நின்றது போலும்.

ஒரே நாடு இரு நாடாயினமை

இன்று மியன்மா என வழங்கும் பர்மா, 1937-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் தேதி வரையில் ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்தது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறி இரங்கூனில் இறங்கியவன் அயல்நாடு சென்றவனாகத் தன்னைக் கருதிற்றிலன். 1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அந்நாட்டில் இந்தியர் தொகை 10,17,825. இரங்கூன் நகர மாந்தர் 4,00,415 பேருள் இந்தியர் 2,12,929 பேர். அஃதாவது பாதிக்கு மேற்பட்டோர். வயல்களில் அறுவடை செய்தோரும், அரிசி ஆலைகளில் உழைத்தோரும், துறைமுகத்தில் மூட்டை சுமந்தோரும், நகரத்தைத் துப்புரவு செய்தோரும், தபாலாபீசிலும் ரெயில்வேயிலும் எழுதினோரும், லேவாதேவி நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தாரும் ஆகப் பல திறத்தினர் அங்கே வாழ்ந்தனர்.

வாழ்வு பெருகியவிடத்துப் பகையும் வளர்ந்தது. உலகெங்கும் 1929-க்குப் பின் விளைபொருள் விலை வீழ்ந்தபோது கடன்பட்ட பர்மியக் குடியானவர் பலர் நிலத்தை இழந்தனர். கீழ்ப் பர்மாவின் நெல்வயல்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கடன் கொடுத்தோர் கைக்கு மாறியது. 1930-இலும் 1938-இலும் இந்தியர்க்கு மாறான கலகங்கள் மூண்டன. குடியானவன் மனக்கொதிப்பில் நியாயம் இல்லை என்று நாம் சொல்லுதல் ஒண்ணாது. ஆனால் அக்கொதிப்பின் பயனை நுகர்ந்தவன் பெரும்பாலும் நிலமொன்றுமில்லாத கூலியாளே. 1937-இல் நாடு பிரிந்தது. 1941-ஆம் ஆண்டு ஜூலையில் இந்தியர் பர்மாவுக்குள் வருவதை வரையறுக்கும் உடன்படிக்கையும் ஏற்பட்டது. இவ்வாறு, தான் இருந்த இடத்தினின்றும் ஓரடியும் பெயராமலே, இந்தியன் அங்கே அயல்நாட்டானாயினான்.

குண்டு விழுந்த நாள்

1941-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பான் கீழ்த்திசைப் போரிற் புகுந்தது. டிசம்பர் 23-ஆம் தேதி பகற்பொழுதில் ஜப்பானிய விமானங்கள் இரங்கூன் மீது குண்டு பொழிந்தன. 25-ஆம் தேதி மீண்டும் வந்தன. விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவில் நின்ற எளியோரே மிகுதியும் மாண்டனர். இறந்தோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர். அன்று மாலையே நகரத்தார் வடக்கு நோக்கிப் பெயரலாயினர். பிரோம் நகர்க்குச் செல்லும் சாலையில் தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாய்ப் பல்லாயிரவர் நடந்தனர்.

ஈண்டு ஒரு கொடுமை நிகழ்ந்தது. துறைமுகத்தில் சரக்கு இறக்குவோரும் துப்புரவு செய்வோரும் இந்தியராதலின், அவர் நீங்கிய அளவிலே நகரம் செயலற்றது. ஆதலின் அரசாங்கத்தார் அவர்களைத் திரும்புமாறு வற்புறுத்தினர். பிரோமுக்கு அப்பால் உள்ள மலைவழியும் சில காலம் அடைக்கப்பட்டது. நம்பித் திரும்பினோர் பலர். இரண்டு திங்கள் கழிந்து, 1942 பிப்ரவரி மூன்றாம் வாரத்தில், பகைவன் அணுகியபின், நகரை விட்டு நீங்குக என்னும் ஆணை பிறந்தது. மார்ச்சு 8-ஆம் தேதி இரங்கூன் ஜப்பானியர் கைப்பட்டது. டிசம்பரில் நடந்திருப்பின் குளிர்காலத்து உலர்ந்த வழியில் நடந்திருப்பர். மார்ச்சு, ஏப்ரலில் நடந்தமையால் நீரற்ற கோடையிலும், மே மாதத்தில் நடந்தமையால் கொட்டும் மழையிலும் அகப்பட்டனர். ஒருவனுடைய உழைப்பு வேண்டும் என்பதற்காக அவன் உயிர்காக்கும் காலத்தைப் பறித்தல் எத்துணைப் பெரிய பாவம் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

துறைமுகம் மூடப்படுமுன் கப்பலேறித் தப்பினோர் ஏறத்தாழ 70,000 பேர். அவர் முந்தியோரும் பொருளுடையோருமே பெரும்பாலும். விமானத்தில் இடம் பெற்றோர் மிகச் சிலர். ஏனையோர்க்குத் தரைவழியன்றிப் பிறிதில்லை.

மூன்று வழிகள்

முதல் வழி அரக்கான் மலைவழியாகும். பிரோமில் ஐராவதி ஆற்றைக் கடந்து, நூறு மைலுக்கு மேற்பட்ட மலைப்பாதையில் நடந்து, டௌங்கப் என்னும் கடற்கரையூரை அடைந்து, அங்கிருந்து படகில் அக்கியாப் சென்று, பின்னர்ச் சிட்டகாங்கைச் சேர்தல் வேண்டும். லட்சத்துக்கு மேற்பட்டோர் இவ்வழி வந்தனர். மலைமீது குடிநீர் இல்லை. இருந்த சிறு ஊற்றுக்களும் முன்சென்றோரால் அழுக்குற்றன. வாந்திபேதி பரவியது. வழியோரத்தில் விழுந்தோரை எடுத்து அடக்குவாரும் இலர். கொள்ளைக்காரரும் பதுங்கியிருந்தனர். எனினும் அயலான் என்று பாராது நீரும் சோறும் அளித்த பர்மியக் கிராமத்தாரும் இருந்தனர் என்பதனை மறத்தல் நன்றியன்று.

இரண்டாவது வழி மணிப்பூர் வழியாகும். மாந்தளேயிலிருந்து மோனிவா வந்து, சிந்துவின் ஆற்றில் படகேறிக் கலேவாவை அடைந்து, அங்கிருந்து காபோ பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 90 மைல் நடந்தால் எல்லையூராகிய டாமு வரும். டாமுவினின்றும் மலையேறிப் பலேல், பலேலிலிருந்து இம்பால், இம்பாலிலிருந்து 130 மைலுக்கு மேல் சென்றால் திமாப்பூர் ரெயில் நிலையம். காபோ பள்ளத்தாக்கு மலைக்காய்ச்சலுக்குப் பேர்போனது. ஏப்ரல் 3-ஆம் தேதி மாந்தளே குண்டுவீச்சால் எரிந்தபின் இவ்வழியில் மக்கள் வெள்ளம் பெருகிற்று. மே மாதத்தில் தோற்றுப் பின்வாங்கிய படையும் இவ்வழியே வந்தது. மே 10-ஆம் தேதி இம்பாலிலும் குண்டு விழுந்தமையால், ஆங்கு அகதிகட்கு அமைந்திருந்த ஏற்பாடுகளும் குலைந்தன.

மூன்றாவது வழி எல்லாவற்றினும் கொடியது. வடகோடியில் மிச்சினா என்னும் ஊரில் விமானம் ஏறலாம் என்று நம்பிச் சென்றோர், மே 6-ஆம் தேதி அவ்விமானத்தளம் தாக்கப்பட்டதும் வேறு புகலின்றி ஹூக்காங் பள்ளத்தாக்கிற் புகுந்தனர். ஷிங்புவியாங் என்னும் ஊரிலிருந்து, 3,700 அடிக்கு மேற்பட்ட பாங்சாவ் கணவாயைக் கடந்து, அசாமிலுள்ள லீடோவை அடைய ஏறத்தாழ 100 மைல். மழை தொடங்கிவிட்டது. முழங்காலளவு சேறு; பெருக்கெடுத்த காட்டாறுகள்; அட்டைகள்; காய்ச்சல்; வயிற்றுக்கடுப்பு. ஆற்றைக் கடக்கவியலாது பலர் மழை ஓயும் வரையில் ஷிங்புவியாங்கிலேயே தங்க நேர்ந்தது. விமானத்திலிருந்து போடப்பட்ட உணவே அவரைக் காத்தது.

மூவழியாலும் மீண்டோர் தொகை நான்கு முதல் ஐந்து லட்சம் எனக் கணிப்பர். வழியில் மாண்டோர் பத்தாயிரம் என்பாரும் ஐம்பதாயிரம் என்பாரும் அதனினும் மிகுத்துக் கூறுவாரும் உளர். இத்துணை வேறுபாடு எழக் காரணம் என்னை? அவர்களை எண்ணுவார் ஒருவரும் இருந்திலர் என்பதே. பகைவர் குண்டால் வழியில் மாண்டோர் சிலரே. தண்ணீரின்மையாலும் பிணியாலும் பசியாலும் மாண்டோரே பெரும்பாலோர் என்பது மட்டும் ஐயமற்றது.

இரண்டு சாலைகள்

மணிப்பூர் வழியைக் குறித்து மற்றொரு செய்தியும் சொல்லல் வேண்டும். ஐரோப்பியர்க்கும் யூரேசியர்க்கும் வண்டியும் நல்ல முகாமும் அமைந்த வழி ஒன்றும், இந்தியர்க்குக் கால்நடையாய்ச் செல்லும் வழி ஒன்றுமாக இரண்டு வழிகள் பகுக்கப்பட்டன என்னும் முறையீடு நாடெங்கும் எழுந்தது. வெள்ளையர் சாலை, கறுப்பர் சாலை என்றே மக்கள் அவற்றை வழங்கினர். பண்டித ஹிருதயநாத் குன்ஸ்ரு முதலியோர் எல்லைப்புறம் சென்று நேரிற் கண்டு குறை கூறினர். 1942 ஏப்ரல் இறுதியில் அலகாபாத்தில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டியும் இவ்வேற்றுமையைக் கண்டித்தது. இருவரும் ஒரே மன்னன் குடிகளே. இருவரையும் துரத்தியது ஒரே பகை. இருவர்க்கும் காலில் குத்திய முள் ஒன்றே. எனினும் சாலை இரண்டாயிற்று. ஆளும் அரசு தன்னைத் தன் குடியாக எத்துணை மதித்தது என்பதனை அன்று இந்தியன் ஏட்டைப் படித்து அறிந்திலன். தன் காலால் நடந்தறிந்தான். அவ்வாண்டு ஆகஸ்டில் எழுந்த பெருங்கிளர்ச்சிக்கு உரமான காரணங்களுள் இம்மனப்புண்ணும் ஒன்று.

உதவினோரையும் கூறுதல் வேண்டும். அசாம் தேயிலைத் தோட்டக்காரர் சங்கத்தார் தம் தொழிலாளரை ஆயிரக்கணக்கில் அனுப்பிப் பாதை வெட்டுவித்தனர். வழிநெடுக முகாம்கள் அமைத்துக் கஞ்சியும் தேநீரும் மருந்தும் அளித்தனர். அங்ஙனம் மழையில் மண்சுமந்த தோட்டத் தொழிலாளரும், நோயாளரைத் தோளிற் சுமந்த நாகர் முதலிய மலைவாணரும் பெயரறியப்படாதவர். முகாம் இருந்த இடத்தில் மாந்தர் உய்ந்தனர். இல்லாத இடத்தில் மாண்டனர். வீரத்தாலும் உடல்வலியாலும் பிழைத்தோரினும் ஒரு குவளை காய்ச்சிய நீரால் பிழைத்தோரே மிகுதி என்க.

தமிழில் இந்நடையை எழுதி வைத்தவர் வெ. சாமிநாத சர்மா ஆவர். இரங்கூனில் ‘ஜோதி’ என்னும் பத்திரிகையை நடத்திவந்த அவர், 1942-இல் தாமும் நடந்தே மீண்டவர். ‘பர்மா வழிநடைப் பயணம்’ என்னும் அவர் நூல் இல்லையேல் தமிழர் பட்ட பாட்டினைத் தமிழில் அறிதற்குரிய வாயில் மிகக் குறுகியிருக்கும்.

பின்னை நிகழ்ந்தவை

உலகம் இதனினின்றும் ஒன்றும் கற்கவில்லை என்று கூறல் பொருந்தாது. 1949-ஆம் ஆண்டு ஜெனிவாவில் ஏற்பட்ட நான்காம் உடன்படிக்கையின் 35-ஆம் விதி, போர்செய்யும் நாட்டிலுள்ள அயல்நாட்டார் நீங்க விரும்பின், அந்நாட்டின் நலத்துக்கு மாறாகாதவிடத்து, நீங்கும் உரிமை உடையர் என்றது. 36-ஆம் விதி, அங்ஙனம் நீங்குங்கால் காவலும் உணவும் உடல்நலத்துக்கு வேண்டுவனவும் அமைதல் வேண்டும் என்றது. 1942-இல் வழியோரத்தில் விழுந்தோர்க்கு இல்லாதனவெல்லாம் அவ்விதியில் எழுத்தாயின.

எழுத்து செயலாதல் வேறு. 1990 ஆகஸ்டு 2-ஆம் தேதி ஈராக் குவைத்தைக் கைப்பற்றியபோது அங்கே இருந்த இந்தியர் ஏறத்தாழ 1,70,000 பேர். அவருள் பெரும்பாலோர் பஸ்களில் ஏறிப் பாஸ்ரா, பாக்தாது வழியாகப் பாலைவனம் கடந்து ஜோர்தான் நாட்டு அம்மான் நகரை அடைந்தனர். எல்லையில் வெயிலிலும் நீர்க்குறையிலும் பல நாள் கூடாரங்களில் கிடந்தனர். எனினும் இந்திய அரசாங்கம் இரு நாட்டாரோடும் பேசி வழி திறப்பித்து, அம்மானிலிருந்து இரண்டு திங்களுக்குள் விமானம் மேல் விமானமாக 1,10,000-க்கு மேற்பட்டோரை மீட்டது. 2022 பிப்ரவரி 24-இல் உக்ரேன் நாட்டில் பெரும்போர் மூண்டபோது, ஆங்குப் பெரும்பாலும் மருத்துவம் பயின்றுவந்த இந்திய மாணவர் ரெயிலிலும் பஸ்ஸிலும் கால்நடையாகவும் போலந்து, ருமேனியா, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா ஆகிய நாடுகளின் எல்லைகளை அடைந்தனர். அவருள் தமிழ்நாட்டு மாணவரும் பலர். மார்ச்சு 2-ஆம் தேதி, கார்கிவ் நகரிலுள்ளோர் ஊர்தி கிடையாவிடின் நடந்தேனும் அன்று மாலைக்குள் அண்மையிலுள்ள மூன்று ஊர்களுக்குச் சென்று சேர்க என நம் தூதரகம் அறிவித்தது. சுமி நகரில் அகப்பட்டோர், இரு படையினரும் இசைந்து வழிவிட்ட பின்னர், மார்ச்சு 8-ஆம் தேதி பஸ்களில் பொல்தாவா கொண்டு செல்லப்பட்டனர். உணவு வாங்க வரிசையில் நின்ற மாணவர் ஒருவர் மார்ச்சு 1-ஆம் தேதி மாண்டது பெருந்துயரம். ஏறத்தாழ 22,500 பேர் தாயகம் மீண்டனர்.

இவற்றை 1942-ஓடு ஒப்பு நோக்குங்கால் வேற்றுமை விளங்கும். மலையும் பாலையும் குளிரும் அன்றும் இன்றும் உண்டு. அன்று இல்லாததும் பின்னர் இருந்ததும், இவன் என்னுடையவன் என்று உரிமை பேசும் தன்னாட்டு அரசு ஒன்றே.

நாம் கொள்ளத்தக்கவை

இக்காலத்து நம் பிள்ளைகள் கல்விக்கும் தொழிலுக்கும் கடல்கடந்து செல்வது இயல்பாகிவிட்டது. ஆதலின் இவ்வரலாறு வெறுங்கதையன்று. சில நெறிகளை நமக்கு உணர்த்துகின்றது. முதலாவது, காலம். முந்தியவன் கப்பலேறினான், பிந்தியவன் ஹூக்காங் சேற்றில் ஆழ்ந்தான். நீங்குக என்னும் குறிப்புத் தோன்றிய அளவிலே நீங்குதல் வேண்டும். வேலையும் பொருளும் வீடும் கருதித் தாழ்த்தலாகாது. இரண்டாவது, சான்று. அயல்நாட்டில் இறங்கியவுடன் நம் தூதரகத்தில் பெயரைப் பதிதலும், பாஸ்போர்ட்டு முதலியவற்றை எப்பொழுதும் கைக்கெட்டும்படி வைத்தலும் வேண்டும், எண்ணப்படாதவன் தேடப்படான். மூன்றாவது, கூட்டம். தனித்தவன் வழியில் விழின் தூக்குவாரில்லை. நான்காவது, சுமை. பொன்னையும் பாத்திரத்தையும் சுமந்தோர் அவற்றை மலையடியில் எறிந்தனர். நீரும் உலருணவும் மருந்தும் சுமந்தோர் மலையைக் கடந்தனர். ஐந்தாவது, வழி. ஏனையோர் செல்லும் வழி எல்லாம் திறந்த வழி ஆகாது. எவ்வெல்லை திறந்துளது, எவ்வூரில் காவலுளது என்று தெளிந்தபின் புறப்படுதல் வேண்டும். தெளியாதவிடத்துச் சுவருள்ள இடத்தில் தங்கியிருத்தலே தக்கது.

இவையனைத்தும் தனி மனிதன் செய்யத்தக்கவை. இவற்றுக்கு மேலாய் அரசும் சமூகமும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அது வழியைப் பகுக்காதிருத்தல். பொருளுடையானுக்கு ஒன்றும் இல்லானுக்கு ஒன்றுமாகச் சாலை பிரியுமாயின், அங்கே தப்பியவர் தொகையைச் சொல்லி எவரும் பெருமை கொள்ளுதல் தகாது. நம் நாட்டு வீடுகளிலும் தெருக்களிலும் இன்றும் வேறு வேறு வழிகளை வகுத்துக்கொண்டு, அயலார் வகுத்த சாலையை மட்டும் நாம் பழிப்பது எங்ஙனம் பொருந்தும் என்பதனையும் அன்பர்கள் எண்ணிப் பார்ப்பாராக.

இனி ஒரு விண்ணப்பம். டாமுவுக்கு எதிரே இந்திய எல்லையுள் மோரே என்னும் ஊர் உளது. 1960-களில் பர்மாவினின்றும் நீங்க நேர்ந்த தமிழருள் சிலர், பழைய வழியே அந்நாட்டுக்குத் திரும்ப முயன்று இயலாமல் அங்கேயே குடியமர்ந்தனர். அவர்கள் எடுத்த அங்காள பரமேசுவரி கோயில் இன்றும் அங்கே விளங்குகின்றது. ஆனால் 1942-இல் அவ்வழியில் மாண்ட பல்லாயிரவர்க்கு நடுகல்லும் இல்லை, பெயர்ப்பட்டியலும் இல்லை. போரில் வீழ்ந்த ஒரு மறவனுக்குக் கல் நட்டுப் பெயரெழுதிய மரபு நம்முடையது. ஆதலின், பர்மாவிலிருந்து நடந்து மீண்டோரையோ, மீளாதோரையோ முன்னோராக உடைய குடும்பத்தார், வீட்டில் கிடக்கும் பழைய கடிதங்களையும் கணக்கேடுகளையும் எடுத்துப் பார்த்து, பாட்டி சொல்லக் கேட்ட செய்திகளையும் சேர்த்து, ஊர், பெயர், புறப்பட்ட நாள், சென்ற வழி என்பவற்றை ஒரு தாளில் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புவாராக. அவற்றை ஆண்டுதோறும் இவ்விதழில் வெளியிடச் சங்கத்தார் முன்வருவாராக. நடந்தோர் பெரும்பாலும் எழுத்தறியாதார்; அவர்க்காக எழுதுதல் எழுத்தறிந்த நம் கடன்.